பண்ணை சால்மனா, இயற்கை சால்மனா? எனக்கு விடை சொன்னது கடல் பேன்

சால்மன் வாங்க மூன்று வழி உண்டு. கடலில் வலைக்கூண்டு கட்டி வளர்த்த பண்ணை மீன், தானாக வளர்ந்து வலையில் பிடிபட்ட இயற்கை மீன், அப்புறம் கரையில் தொட்டி கட்டி வளர்த்த மீன். உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு முதல் வகைதான். வெகுகாலம் அதையே வாங்கிக்கொண்டிருந்த நான் இப்போது இயற்கை மீனுக்கு மாறிவிட்டேன். அதையும் முன்னைவிடக் குறைவாகவே வாங்குகிறேன்.

விலை, வசதி இரண்டிலும் பண்ணை மீன்தான் முந்துகிறது. மலிவு, ஆண்டு முழுக்கக் கிடைக்கும், கொழுப்பு கூடுதல் என்பதால் சமைத்தாலும் காய்ந்துபோகாது. இதில் வாதாட ஒன்றுமில்லை.

உடல்நலம் என்று பார்த்தால் பலரும் நினைக்கும் அளவு வித்தியாசம் இல்லை. 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பண்ணை மீனில் பிசிபி, டையாக்சின் போன்ற நச்சுகள் இயற்கை மீனைவிட அதிகம் என்றது. அந்த நச்சுகள் தீவனத்தில் இருந்த மீன் எண்ணெய் வழியாக வந்தவை. பிறகு தீவனத்தில் சோயாவும் கடுகு இன எண்ணெயும் பெருகின, நச்சு குறைந்தது. கூடவே உடலுக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பும் குறைந்தது. ஸ்காட்லாந்துப் பண்ணை மீனில் 2006க்கும் 2015க்கும் இடையில் அது ஏறக்குறைய பாதியானது. அப்படியும் ஒரு துண்டில் கிடைக்கும் ஒமேகா-3 குறைச்சல் என்று சொல்ல முடியாது, மீனில் கொழுப்பே அதிகம் அல்லவா? பாதரசம் இரண்டிலுமே குறைவு. பச்சையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒட்டுண்ணிப் புழு பயம் இயற்கை மீனில்தான் கூடுதல், முதலில் நன்றாக உறைய வைத்தே ஆக வேண்டும்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் பண்ணைகளை ஒரே தட்டில் வைக்கக் கூடாது. நார்வே தடுப்பூசிக்கு மாறி, 1980களின் இறுதியில் இருந்த பயன்பாட்டை 99 சதவீதம் வரை குறைத்துவிட்டது. சிலியில் இன்னும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டன் கொட்டுகிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவானால் அவை மீனோடு நின்றுவிடாது.

ஆக, தட்டில் இருக்கும் துண்டை மட்டும் பார்த்து என்னால் முடிவெடுக்க முடியவில்லை. முடிவெடுக்க வைத்தது கடல் பேன்.

இது சால்மனின் தோலையும் சளியையும் ரத்தத்தையும் தின்று வாழும் சிறிய ஒட்டுண்ணி. இயற்கையில் எப்போதும் இருந்ததுதான். ஆனால் முன்பெல்லாம் குளிர்காலத்தில் கரையோரக் கடலில் அதற்குப் போதிய மீன் கிடைக்காது, எண்ணிக்கை தானாகச் சரியும். வசந்தத்தில் ஆற்றிலிருந்து குஞ்சுகள் கடலுக்கு வரும்போது வழி ஓரளவு சுத்தமாக இருக்கும். அந்தச் சுழற்சியைப் பண்ணை உடைத்துவிட்டது. இப்போது பன்னிரண்டு மாதமும் லட்சக்கணக்கான மீன் ஒரே இடத்தில் நிற்கிறது. பேனுக்கு வேறென்ன வேண்டும்?

நார்வேயின் விதி கடுமையானதுதான். குஞ்சுகள் இறங்கும் வசந்த வாரங்களில் ஒரு மீனுக்குச் சராசரியாக 0.2 முதிர்ந்த பெண் பேனுக்கு மேல் இருக்கக் கூடாது. கேட்கும்போது மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஒரு கூண்டில் 2,00,000 மீன் வரை வைக்கலாம். விதியை அப்படியே கடைப்பிடித்தாலும் அந்த ஒரு கூண்டில் 40,000 பெண் பேன்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு பண்ணையில் பல கூண்டுகள், ஒரு கடற்கழியில் பல பண்ணைகள். அந்த வழியாகப் போகிற இயற்கைக் குஞ்சின் எடை சுமார் 20 கிராம். பத்துப் பன்னிரண்டு பேன் ஏறினாலே அது பிழைப்பது கடினம். ஒவ்வொரு மீனையும் எண்ணிப் பார்த்தால் எல்லாம் சட்டப்படி சரி, கடலில் மொத்தமாகப் பார்த்தால் பேரழிவு. என் முடிவுக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

பேனை ஒழிக்கச் செய்யும் வைத்தியங்களும் சும்மா போவதில்லை. தீவனத்தில் கலந்த மருந்துக்குப் பேன் பழகிவிட்டது. பேன் ஓடு உரிக்கும் பருவத்தில் அதைக் கொல்லும் மருந்துகள், அதேபோல ஓடு உரிக்கும் இறாலையும் நண்டையும் சேர்த்தே தாக்குகின்றன. இப்போது மீனை உறிஞ்சி எடுத்து 30 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் சில விநாடி முக்குகிறார்கள். குளிர்ந்த நீரில் வாழும் உயிருக்கு அது பெரும் வதை. புண்ணாகிறது, பல மீன்கள் செத்துப்போகின்றன. பேனைத் தின்பதற்காகக் கூண்டில் விடப்படும் சிறு மீன்களும் பெரும்பாலும் அங்கேயே மடிகின்றன. 2023இல் நார்வேயின் கடல் கூண்டுகளில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட சால்மன்கள் செத்தன. பேன் வைத்தியம் இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு கோடையில் இயற்கை சால்மன் முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வருவது மிகவும் குறைந்துபோய், அந்த நாடு 33 ஆறுகளில் மீன்பிடிப்பை நிறுத்தியது. கடல் சூடேறுவதும் அதற்குக் காரணம் என்பதை மறுக்கவில்லை.

தப்பியோடும் மீன் தனிச் சிக்கல். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கூண்டு சரிந்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்லாண்டிக் சால்மன்கள் தமக்குச் சொந்தமில்லாத பசிபிக்கில் கலந்தன. கனடா 2029 ஜூனுக்குள் தன் மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் திறந்த வலைக்கூண்டுகளை மூடப்போவதாக அறிவித்திருக்கிறது.

இயற்கை மீன் மாசற்றது என்று சொல்லவில்லை. அமெரிக்க மாநிலமான அலாஸ்கா 1990இல் மீன் பண்ணையைத் தடை செய்தது உண்மை, ஆனால் அங்கேயும் பொரிப்பகங்களில் குஞ்சு பொரித்து ஆண்டுதோறும் நூறு கோடிக்கு மேல் கடலில் விடுகிறார்கள். அங்குள்ள பிரிஸ்டல் விரிகுடாவில் 2022இல் ஏறத்தாழ எட்டுக் கோடி சாக்ஐ சால்மன் திரும்பி வந்தது. அதே மாநிலத்தின் யூகான் ஆற்றிலோ சினூக் சால்மன் அழிந்துவருகிறது, 2024இல் அதைப் பிடிக்க ஏழாண்டுத் தடை போட்டிருக்கிறார்கள். அதனால் எந்த ஆறு, எந்த இனம் என்று பார்த்தே வாங்குகிறேன். எல்லாரும் என்னைப் போல மாறினால் இயற்கை மீன் போதவே போதாது. குறைவாக வாங்குவதும், மீதி நாட்களில் மத்தி, நெத்திலி போன்ற சிறு மீனை எடுப்பதும் அதனால்தான். அவற்றிலும் ஒமேகா-3 தாராளம்.

தரைத்தொட்டி மீனில் பேனும் இல்லை, தப்பியோடவும் வழியில்லை. மின்சாரம் நிறைய தின்னும், இயந்திரம் பழுதானால் தொட்டியோடு மொத்தமும் போகும். நான் கொஞ்சம்தான் சாப்பிட்டிருக்கிறேன் என்பதால் ருசி பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விலை இறங்கினால் மறுபடி யோசிப்பேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'அட்லாண்டிக் சால்மன்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது அநேகமாகப் பண்ணை மீன்தான். சாக்ஐ, பிங்க் என்று இனத்தோடு பிடித்த இடமும் போட்டிருந்தால் அதை எடுங்கள். கொழுப்பு குறைவு, ஆகவே அடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே இறக்கிவிட வேண்டும்.