வீல் கப்பை டேக் போட்டுக் கட்டுகிறார்களா? திருப்பிப் பாருங்கள்

என் வண்டி ஸ்விஃப்ட் எல்எக்ஸ்ஐ. வரும்போதே மொட்டை இரும்பு ரிம்தான். அதை மறைக்கலாம் என்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் வீல் கப் செட் கேட்டேன். 14 இஞ்ச் என்று தெளிவாகச் சொன்னேன். டயரிலேயே 165/80 ஆர்14 என்று இருக்கிறது, கடைசி எண்தான் ரிம் அளவு. "ஏபிஎஸ் பிளாஸ்டிக் சார், யானை மிதிச்சாலும் உடையாது" என்றார் கடைக்காரர். நான்குக்கும் 1,600 ரூபாய். பில் இல்லை, துண்டுச் சீட்டுதான்.

மாட்டிய பையன் ஒவ்வொன்றையும் கையால் தட்டி உட்காரவைத்துவிட்டு, கறுப்பு பிளாஸ்டிக் டேக்கை (கேபிள் டை) ரிம் ஓட்டை வழியாக இழுத்துக் கட்டினான். "எக்ஸ்ட்ரா சேஃப்டிண்ணா." எவ்வளவு அக்கறை என்று டீக்குக் காசு வேறு கொடுத்தேன்! சுற்றிலும் அரை இஞ்ச் கறுப்பு ரிம் தெரிந்தது. கேட்டால், டிசைனே அப்படித்தானாம்.

மூன்றாம் வாரம் திண்டிவனம் போகும்போது, செங்கல்பட்டு தாண்டியதும் இடது பக்கம் டக் டக் என்று சத்தம். ஓரங்கட்டுவதற்குள் முன்சக்கரத்துக் கப் பிய்த்துக்கொண்டு உருண்டுவிட்டது. பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறியது. அந்த இடத்தில் ஒரு பைக் வந்திருந்தால்? இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாள் காலை பின்டயர் தரையோடு தரையாக இருந்தது. பஞ்சர் கடை அண்ணன் கப்பைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உள்ளே அச்சில் 13 என்று இருந்தது.

வீல் கப்பின் பின்பக்கம் சின்னச் சின்னக் கால்களும் ஒரு கம்பி வளையமும் இருக்கும். வளையம் கால்களை வெளியே தள்ள, அவை ரிம்மின் உள்விளிம்பைக் கவ்விக்கொள்ளும். அளவு குறைந்தால் கவ்வ எதுவுமில்லை. மொத்தப் பாரமும் டேக்கில்தான். ஓட்டையின் தகரவிளிம்பு அதை அறுத்ததும் கப் சுற்ற ஆரம்பிக்கும். என் பின்சக்கரத்தில் சுற்றிய கப் வால்வை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தது, காற்று அந்த வழியாகப் போயிருக்கிறது.

கடைக்குப் போனேன். "ஸ்பீட் பிரேக்கர்ல வேகமா ஏத்தியிருப்பீங்க சார்." சரி, 13 என்று இருக்கிறதே என்றேன். "அது மாடல் நம்பர்." மிச்சம் மூன்றையும் கல்லாமேல் வைத்தேன். பணம் தரவில்லை. வேண்டுமானால் 300 ரூபாய்க்கு ஒற்றைக் கப் ஒன்று தருகிறாராம்.

அந்தப் பக்கம் வாங்கப் போகிறவர்கள் மாட்டுவதற்கு முன்பே திருப்பி எண்ணைப் பாருங்கள். மாட்டியபின் டேக் போட விடாமல் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். வால்வு அதற்கான பள்ளத்தில் நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் காசை எடுங்கள். நான் ரிம்முக்குக் கறுப்பு ஸ்ப்ரே அடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.