மினிஸ்ட்ரி, ராம்ஸ்டைன், காட்ஃபிளெஷ்: யாருடைய பாதை நமக்கு உதவும்?

இயந்திரச் சத்தத்தையும் கனத்த கிதாரையும் கலக்கும் இண்டஸ்ட்ரியல் மெட்டல் இசையைக் கேட்கத் தொடங்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ராம்ஸ்டைன் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். மேடையில் தீ பறக்கும் ஒரு வீடியோ போதும், ஆள் விழுந்துவிடுவார். அடுத்து மினிஸ்ட்ரி. காட்ஃபிளெஷ் வரை வந்து சேர்கிறவர்கள் கொஞ்சம்தான். மூன்று பேண்டுகளின் முழுப் பயணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு சொந்தமாக இசை பண்ண நினைக்கிறவருக்கு இது வெறும் ரசனை விவகாரமும் இல்லை.

ராம்ஸ்டைனிடம் எனக்குப் பிடித்தது அந்தக் கட்டுக்கோப்பு. 1994-ல் பெர்லினில் சேர்ந்த ஆறு பேர், இன்றைக்கும் அதே ஆறு பேர். பாடகர் டில் லிண்டெமான் இளம்வயதில் கிழக்கு ஜெர்மனியின் நீச்சல் வீரர். பால் லாண்டர்ஸ், கிறிஸ்டோஃப் ஷ்னைடர், ஃபிளாகே மூவரும் ஃபீலிங் பி என்ற பங்க் பேண்டில் இருந்தவர்கள். 1995-ல் முதல் ஆல்பம். 1997-ல் இயக்குநர் டேவிட் லிஞ்ச் தன் படத்தில் இவர்களுடைய பாடல்களைச் சேர்த்தது அமெரிக்கக் கதவைத் திறந்தது. கிட்டத்தட்ட எல்லாமே ஜெர்மன் மொழியில். தாய்மொழியை விடாமல் உலக மேடையைப் பிடித்த பேண்ட் என்பதற்காகவே தமிழில் பாட நினைக்கிறவர்கள் இவர்களைப் படிக்கலாம். ஆனால் இசையைப் பொறுத்தவரை 2001-ல் வந்த முட்டர் ஆல்பத்தோடு அச்சு வார்த்தாகிவிட்டது. 2009-க்குப் பிறகு பத்து வருட இடைவெளி, 2019-லும் 2022-லும் மறுபடி ஆல்பங்கள். மெருகு ஏறியது, பாதை மாறவில்லை. அந்த மேடைக்குத் தேவைப்படும் பணமும் ஆள்பலமும் நமக்கு எட்டாத விஷயம்.

மினிஸ்ட்ரி நேர் எதிர். ஆள் மாறிக்கொண்டே இருக்கும், இசையும் மாறிக்கொண்டே இருக்கும், நடுவில் அல் யோர்கென்சன் மட்டும் அசையாமல் நிற்பார். கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர், 1981-ல் சிகாகோவில் பேண்டைத் தொடங்கினார். 1983-ல் வந்த முதல் ஆல்பம் வித் சிம்பதி, நடனமாடத் தோதான சின்த் பாப், அதாவது சிந்தசைசரை வைத்துப் பண்ணும் பாப். அந்த ஆல்பத்தைப் பல வருடம் அவரே வெறுத்து ஒதுக்கினார். 1986-ல் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஷெர்வுட்டோடு செய்த ட்விட்ச் ஆல்பத்தில் ஒலி கரடுமுரடாகிறது. 1988 ஆல்பத்தில் சாம்ப்ளரும் (பதிவான சத்தத்தை வெட்டி எடுத்து வாசிக்கும் கருவி) கிதாரும் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. 1992-ல் சாம் 69. அதில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பேச்சை வெட்டி எடுத்து, ரிஃபுக்கு, அதாவது சுற்றிச் சுற்றி வரும் கிதார் துணுக்குக்கு மேல், திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். மகன் புஷ் ஆட்சிக்கு வந்ததும் 2004 முதல் 2007 வரை அவரைக் குறிவைத்தே மூன்று ஆல்பங்கள். அப்பாவையும் மகனையும் இப்படித் துரத்திய பேண்டை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

2008-ல் விடைபெறும் பயணம், 2012-ல் திரும்பி வந்தார்கள். அதே வருட டிசம்பரில் கிதார் கலைஞர் மைக் ஸ்காச்சியா தன் பழைய பேண்டோடு வாசித்துக்கொண்டிருந்தபோது மேடையிலேயே சரிந்து இறந்தார். அதற்குச் சற்றுமுன் அவர் பதிவு செய்துவைத்த கிதாரை வைத்துத்தான் 2013 ஆல்பத்தை முடித்தார்கள். 2025-ல் யோர்கென்சன், தான் ஒதுக்கிவைத்த அந்த ஆரம்பகாலப் பாடல்களையே திரும்ப எடுத்துப் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டார். ஒரு கலைஞர் தன் இளமையோடு சமாதானம் ஆக 40 வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. கதையாகப் பார்த்தால் மூன்றில் இதுதான் பெரிய கதை. ஆனால் ஆல்பம் ஆல்பமாகக் கேட்டால் 1996-க்குப் பிறகு ஏற்ற இறக்கம் ஜாஸ்தி. ஒன்று பிடித்தால் அடுத்த இரண்டைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

இதே வகை இசை பண்ணும் இன்னொரு பேண்டான ஃபியர் ஃபேக்டரியை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். அவர்களுடைய 1995 ஆல்பம் டீமேனுஃபேக்சர், கிதாரும் டிரம்மரின் காலும் ஒரே இயந்திரமாக ஓடும் அற்புதம். அதற்குப் பின் உறுப்பினர்களுக்குள் சண்டை, கோர்ட், வழக்கு. அந்த ஒரு ஆல்பத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

இப்போது காட்ஃபிளெஷ். 1988, பர்மிங்காம். ஜஸ்டின் பிராட்ரிக் கிதாரும் குரலும், ஜி.சி. கிரீன் பேஸ் கிதார், டிரம்ஸுக்கு ஆள் கிடையாது, ஒரு டிரம் மெஷின். அவ்வளவுதான் பேண்ட். பிராட்ரிக் அதற்கு முன்பே நேப்பாம் டெத்தின் முதல் ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கிதார் வாசித்தவர், உலகின் அதிவேக இசையில் இருந்தவர். அங்கிருந்து வெளியே வந்து வேகத்தை அடியோடு குறைத்தார். 1989-ல் ஸ்ட்ரீட்கிளீனர் வந்தபோது, வாசித்தவர்கள் பட்டியலில் இயந்திரத்துக்கும் இடம் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஆல்பத்தின் முதல் நிமிடத்தை ஹெட்ஃபோனில் கவனியுங்கள். கிக், ஸ்னேர் என்ற இரண்டு டிரம் அடிகளும் ஒரே பலத்தில், தாட்சண்யம் இல்லாமல் விழுகின்றன. பேஸ் கிதார்தான் பாட்டைத் தூக்கிச் சுமக்கிறது, சுருதி தளர்ந்து, ஒலி கிழிந்து. கிதார் ரிஃப் வாசிப்பதைவிடத் தகரத்தைச் சுரண்டுவது போன்ற சத்தத்தைத்தான் அதிகம் தருகிறது. குரல் எல்லாவற்றுக்கும் அடியில் மாட்டிக்கொண்டவன் கத்துவதுபோல வருகிறது. மற்ற பேண்டுகளில் இயந்திரம் மனிதனுக்குப் பலம் சேர்க்கிறது. இங்கே மனிதன் இயந்திரத்துக்கு எதிரே நிற்கிறான், அது அவனுக்காக நிற்பதே இல்லை.

இதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதலியார்பேட்டையில் ரோடியர் மில்லின் சங்கு கேட்டு நேரம் பார்த்த வீடுகள் உண்டு. 1936 ஜூலை 30-ல் பஞ்சாலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அதற்குப் பிறகுதான் இங்கே வந்தது. அந்தப் பழைய ரோடியர் மில், ஏ.எஃப்.டி. என்ற பெயரில் ஓடி, 2020-ல் மூடப்பட்டது. தறிச் சத்தத்துக்குள் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்றவருக்கு அதன் தாளம் கொண்டாட்டமாக இருந்திருக்காது. காட்ஃபிளெஷின் தாளத்திலும் கொண்டாட்டம் இல்லை. பர்மிங்காமும் ஆலை ஊர்தான், தகரத் தொழிற்சாலையில் விரல் நுனியை இழந்த பிளாக் சப்பாத் கிதார் கலைஞர் டோனி அயோமியின் ஊர்.

1992-ன் ப்யூர் ஆல்பத்தில் ஹிப் ஹாப் தாளத்தைக் கொண்டுவந்தார்கள். 1996-ல் முதல்முறையாக ஒரு டிரம்மர், பிரையன் மான்டியா. 2001-ல் டெட் பார்சன்ஸ். இருவரும் பெரிய கலைஞர்கள், வாசிப்பும் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அடி ஒவ்வொன்றும் லேசாக மாறுபடும்போது அந்த ஈவிரக்கமற்ற தன்மை போய்விடுகிறது, நல்லதொரு மெட்டல் பேண்டாக ஆகிவிடுகிறார்கள். கிரீன் விலகினார், 2002-ல் பிராட்ரிக் மனரீதியாக உடைந்து பேண்டையே கலைத்தார். கடைசிக் கட்டத்தில் பேஸ் வாசித்த பால் ரேவன் பிற்பாடு மினிஸ்ட்ரியில் சேர்ந்தார். பிராட்ரிக் ஜேசு என்ற பெயரில் மெதுவான, அழகான இசைக்குப் போனார். 2010-ல் கிரீனோடு மறுபடி சேர்ந்தபோது டிரம்மரை அழைக்கவில்லை, இயந்திரத்தையே அழைத்தார்கள். 2014, 2017, 2023 என்று மூன்று ஆல்பங்கள், எல்லாம் பிராட்ரிக்கின் சொந்த லேபிளில். மூன்றில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. திரும்பி வந்த பேண்டுகளில் இப்படிச் சொல்லக்கூடியவை அபூர்வம்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு தம்பி என்னிடம், “அண்ணா, டிரம்மரே கிடைக்கல. கிடைச்சாலும் செட்டை எங்க வைக்கிறது? பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு நாள் கூட விட மாட்டாங்க. ரெண்டு பேர வச்சு என்ன பண்றது?” என்று கேட்டான். கடலூரில் பேண்ட் தொடங்கும் பாதிப் பேரின் நிலை இதுதான். லேப்டாப்பில் டிரம்ஸ் போட்டுவிட்டு, நிஜ டிரம்மர் வாசித்தது போலத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் முன்பின் தள்ளி, பலத்தைக் கூட்டிக் குறைத்து மெனக்கெடுகிறார்கள். அந்த மெனக்கெடலே வேண்டாம் என்று சொன்னேன். எல்லா அடியையும் முழுப் பலத்தில் வை, இயந்திரம் இயந்திரமாகவே ஒலிக்கட்டும், பேஸை முன்னால் கொண்டு வா.

கேட்க ஆரம்பிப்பவர்கள் 2014-ன் எ வேர்ல்ட் லிட் ஒன்லி பை ஃபயர் ஆல்பத்தை முதலில் எடுங்கள், ஒலிப்பதிவு தெளிவாக இருப்பதால் காது பழகும். பிறகு ஸ்ட்ரீட்கிளீனர். அதற்கடுத்து 1992-ன் ப்யூரையும் 2023-ன் பர்ஜையும் ஒரே நாளில் கேளுங்கள், முதலாவதில் தொடங்கிய ஹிப் ஹாப் யோசனையை இரண்டாவது எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று புரியும். மினிஸ்ட்ரியில் 1988, 1989, 1992 ஆல்பங்கள் மூன்றும் போதும். ராம்ஸ்டைனுக்கு முட்டர். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், காட்ஃபிளெஷின் பேஸ் அதில் சுத்தமாகக் கேட்காது.