தொப்பூர் ஏற்றத்தில் டன்கிர்க்

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு ராத்திரி பஸ். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து 'டன்கிர்க்' போர்ப் படத்தின் இசை ஆல்பத்தை முழுசாகக் கேட்டேன். ஹான்ஸ் ஜிம்மர் இசை, 2017இல் வந்தது, மொத்தம் 11 டிராக்.

தொப்பூர் கணவாயில் ஏறும்போது 'சூப்பர்மரைன்' என்ற டிராக் ஓடியது. முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டே போனது. இந்த இசையும் அப்படித்தான்: ஏறிக்கொண்டே இருக்கிறது, உச்சிக்கு மட்டும் வருவதில்லை. ஷெப்பர்ட் டோன் என்கிற தந்திரம் இது. ஒரே ஸ்வரத்தை மூன்று நான்கு ஸ்தாயிகளில் சேர்த்து ஏற்றுவார்கள். மேலே இருப்பது தேய்ந்து மறைய, கீழே புதிதாக ஒன்று சத்தமில்லாமல் நுழையும். காது ஏமாந்துபோகும். கூடவே ஒரு டிக் டிக், இயக்குநர் நோலனின் சொந்தக் கடிகாரத்திலிருந்து பதிவு செய்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

குறை உண்டு. முணுமுணுக்க ஒரு மெட்டு கிடைக்காது. வீட்டில் ஸ்பீக்கரில் போட்டபோது அம்மா எட்டிப் பார்த்து, "மோட்டார் போட்டுட்டு மறந்துட்டியாடா?" என்றார். போன் ஸ்பீக்கர் என்றால் இன்னும் மோசம், அடிச்சத்தம் வரவே வராது. நல்ல ஹெட்போன் வேண்டும்.

10ஆவது டிராக்கில்தான் மூச்சு விட முடிகிறது. இங்கிலாந்து இசையமைப்பாளர் எல்கர் 1899இல் தந்த 'நிம்ராட்' இசையை இழுத்து, ரொம்ப மெதுவாக வாசிக்கிறார்கள். அதற்குள் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. கண்டக்டர் தோளைத் தட்டியதும்தான் இறங்கினேன்.