ஒரு பள்ளத்தாக்கு, மூன்று சரளைப் பாதைகள்: ஃபினெஸ்த்ரேயா, சொமெயேவா, அசியேத்தாவா?

இத்தாலியின் டூரினிலிருந்து மேற்கே போகும் ரயில் சூசா பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் மலை எழும்பிவிடும். சரளைப் பாதைக்கான கிராவல் சைக்கிளோடு அந்த ரயிலில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களுக்கு நடுவில்தான் அல்லாடுவார்கள். ஃபினெஸ்த்ரே கணவாய், சொமெயே கணவாய், அசியேத்தா மலைமுகட்டுச் சாலை. கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எதற்குப் போவது?

முதலில் கணக்கு. சூசா ஊர் சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஃபினெஸ்த்ரே 2,178 மீட்டரில். 18.5 கி.மீ. தூரத்துக்குள் ஏறக்குறைய 1,680 மீட்டர் ஏற வேண்டும். சராசரிச் சரிவு 9 சதவீதத்துக்குச் சற்று மேல். சொமெயேக்குப் புறப்படும் பார்தொனெக்கியா ஊர் 1,312 மீட்டரில். மேலே போய்ச் சேரும் இடம் கிட்டத்தட்ட 3,000. அங்கேயும் ஏறுவது அதே அளவுதான், ஆனால் 26 கி.மீ. நீளத்தில். சராசரி ஆறரை சதவீதம். தாளில் பார்த்தால் சொமெயே சுலபம். மிதித்துப் பார்த்தால் தலைகீழ். சரிவை மட்டும் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

வித்தியாசம் தரையில் இருக்கிறது. ஃபினெஸ்த்ரேயில் மெயானா ஊரைத் தாண்டியதும் காட்டுக்குள் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அங்கேயும் குறுகலான தார்ச்சாலைதான். கடைசி 8 கி.மீ.தான் மண். ஜீரோ தி இத்தாலியா சைக்கிள் பந்தயம் 2005 முதல் அவ்வப்போது இந்த வழியாக வருவதால், அந்த மண்ணைச் செப்பனிட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள். மழை இல்லாத நாளில் 32 மி.மீ. டயரே போதும். ஏற்றம்தான் எங்கேயும் ஓய்வு தராது. முன் பற்சக்கரத்தில் 40 பல், பின் பற்சக்கரத்தில் 42 பல் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது மணிக்கு 7 கி.மீ. சொச்சம் வரும். இரண்டரை மணி நேரம் அதை விடாமல் பிடிக்கிற கால் வேண்டும். முன்பல் 30 என்றால் 5.5 கி.மீ. வேகம், மூன்றரை மணி நேரம் ஆகலாம், ஆனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்காது.

இந்த ஏற்றத்துக்குப் புகழ் வந்த கதையும் சுவையானது. 2018-இல் பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவருக்கான இளஞ்சிவப்புச் சட்டையோடு வந்த சைமன் யேட்ஸ் இங்கேதான் சரிந்தார். அதே ஏற்றத்தில் பிரிந்து போன கிறிஸ் ஃப்ரூம் சுமார் 80 கி.மீ. தனியாக ஓட்டிப் பந்தயத்தையே கைப்பற்றினார். ஏழு ஆண்டு கழித்து, 2025-இல், அதே யேட்ஸ் இதே மண்ணில் முந்திப் போய் அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டார். பந்தயம் பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம், ஃபினெஸ்த்ரேக்கே போகலாம்.

சொமெயேயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரொஷ்மோல் கிராமம் வரை நல்ல சாலை. அணைக்கட்டைத் தாண்டி, ஸ்கார்ஃபியோத்தி தங்குமனை வரைகூடச் சமாளிக்கலாம். அதற்கு மேலே பாதை என்பது முஷ்டி அளவுக் கற்களின் குவியல். பின்சக்கரம் சுற்றும், சைக்கிள் நகராது. டயரில் காற்றைக் குறைத்தால் பிடிமானம் வரும், ஆனால் கூரான கல்லில் பக்கவாட்டு ரப்பர் கிழியும், எனக்குக் கிழிந்தது. அந்த உயரத்தில் வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் எழுபது சதவீதம்தான் என்பதால், ஒரு வளைவு ஏறி நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கும். ஒரு காலத்தில் கோடைப் பனிச்சறுக்குக்குப் பயன்பட்ட மலை இது. பெயர் ஃப்ரெஜூஸ் ரயில் சுரங்கத்தைக் குடைந்த பொறியாளர் ஜெர்மான் சொமெயேயுடையது. 1871-இல் சுரங்கம் திறப்பதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். உச்சியில் பாதை முடிந்துவிடும், போன வழியே திரும்ப வேண்டும். 2 அங்குல டயரும் முன்புற சஸ்பென்ஷனும் உள்ள மலைச் சைக்கிள் இருந்தால் போங்கள். கிராவல் சைக்கிளுக்கு இது வீண் பிடிவாதம்.

என் ஓட்டு அசியேத்தாவுக்கு. ஃபினெஸ்த்ரேயின் தென்புறம் கொஞ்சம் இறங்கினால் பியான் தெல்லால்பே என்ற இடம். அங்கிருந்து செஸ்த்ரியேரே ஊர் வரை சுமார் 34 கி.மீ., பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேலே, சூசா, கிசோனே பள்ளத்தாக்குகளுக்கு நடுவிலுள்ள முகட்டிலேயே ஓடுகிறது. இராணுவம் போட்ட சாலை. பீரங்கி வண்டி ஏறும் சரிவுக்கு மேல் வைக்கவில்லை, அதனால்தான் மிதிக்க இதமாக இருக்கிறது. அசியேத்தா கணவாய் 2,472 மீட்டர். அருகிலுள்ள மேட்டில் 1747 ஜூலை 19 அன்று இந்தப் பகுதியான பீட்மான்ட்டின் படை பிரெஞ்சுப் படையைத் தடுத்து நிறுத்தியது. பின்வாங்கச் சொன்னபோது “நாங்கள் நகர மாட்டோம்” என்றார்களாம். பீட்மான்ட்காரர்களுக்கு ‘போஜா நென்’ (நகராதவர்கள்) என்ற பட்டப்பெயர் அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை: கிழமை. ஜூலை, ஆகஸ்டில் புதன், சனிக்கிழமைகளில் பகல் நேரத்தில் மோட்டார் வண்டிகளை விடாமல் நிறுத்துவது இங்கே பல ஆண்டுப் பழக்கம். அந்த ஆண்டின் உத்தரவைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். மற்ற நாட்களில் ஜீப்பும் மோட்டார் பைக்கும் கிளப்பும் புழுதியில் பல்லுக்கிடையே மணல் நெறுநெறுக்கும். எதிரே வருவது என்னவென்றே தெரியாது. சனியை விடப் புதன் நல்லது, செஸ்த்ரியேரே தார்ச்சாலையில் கார்கள் குறைவு.

இன்னொன்று நாய்கள். ஓநாய்கள் திரும்பி வந்துவிட்ட மலை என்பதால் ஆட்டுமந்தையோடு பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கும். வேகமாகக் கடந்துவிடலாம் என்று மிதித்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெல்ல நடங்கள். கொஞ்ச தூரம் குரைத்துக்கொண்டே கூட வந்துவிட்டு நின்றுவிடும்.

ஒரே நாளில் அசியேத்தாவையும் ஃபினெஸ்த்ரேயையும் சேர்க்கவும் முடியும். பலர் சூசாவில் தொடங்குவார்கள். முகட்டை எட்டும்போதே கால் தீர்ந்துவிடும். நான் ஊல்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, செசானா வழியாகச் செஸ்த்ரியேரேக்கு 22 கி.மீ. தாரில் ஏறிவிடுவேன். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பத்து மணிக்கு முகடு. பிற்பகல் இடி மின்னலுக்கு முன் அங்கிருந்து கிளம்பிவிடலாம். வழியில் தண்ணீர் குறைவு, இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பியான் தெல்லால்பேயிலிருந்து ஃபினெஸ்த்ரேக்குக் கடைசியாக ஒரு சின்ன ஏற்றம், பிறகு சூசா வரை 1,680 மீட்டர் இறக்கம். அந்த 8 கி.மீ. மண்ணில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள், தொடர்ந்து அழுத்தினால் டிஸ்க் கருகிய வாடை வரும். சூசா நிலையத்தில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க விரல் மடங்கவில்லை; பக்கத்தில் இருந்த பாட்டிதான் திறந்து கொடுத்தார்.