பழைய ரோலெக்ஸ் சப்மரீனர் 16610: ஆன்லைன் விளம்பரங்களை எவ்வளவு நம்பலாம்?

‘மின்ட் கண்டிஷன்’ (புதிது போல), ‘ஃபுல் செட்’ (பெட்டி, பேப்பர் எல்லாம் சேர்த்து), ‘சர்வீஸ் செய்தது’ என்று எழுதக் காசா பணமா? 16610 மாடல் ரோலெக்ஸ் வாட்ச்சுக்கு வரும் விளம்பரங்களில் வர்ணனையைத் தள்ளிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தால், பெரும்பாலானவை தேறாது.

முதலில் டயலில் 6 மணிக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்து. 1990-களின் பிற்பகுதி வரை டிரிடியம் டயல்கள், அதாவது கதிரியக்கத்தால் இருட்டில் ஒளிரும் பூச்சுள்ளவை. அவற்றில் ‘ஸ்விஸ் – டி<25’ என்றிருக்கும். ‘ஸ்விஸ் மேட்’ என்பது பிறகு வந்த, கதிரியக்கம் இல்லாத சூப்பர்-லூமிநோவா பூச்சுள்ள டயல். 1993 வாட்ச் என்று சொல்லி ‘ஸ்விஸ் மேட்’ டயலைக் காட்டினால், இடையில் டயல் மாறியிருக்கிறது. போலி என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரிஜினல் டயலுக்கான விலையைக் கொடுக்காதீர்கள். சிலர் இருட்டில் பளிச்சென்று ஒளிரும் படத்தைப் பெருமையாகப் போட்டுத் தாங்களே மாட்டிக்கொள்வார்கள். டிரிடியத்தின் அரையாயுள் சுமார் 12.3 ஆண்டு, 1993-ல் பூசியது இன்று அப்படி ஒளிராது. டயல் மங்கி முள் மட்டும் ஒளிர்ந்தால், முள் மாற்றியது.

அடுத்தது பாலிஷ். நேர்மேலிருந்து எடுத்த படம் எதற்கும் உதவாது, பக்கவாட்டுப் படம் கேளுங்கள். பழைய 16610-களில் லக்கின் (பிரேஸ்லெட்டை மாட்டும் கேஸின் நீட்டிய கால்) வெளிப்பக்கம், பிரேஸ்லெட்டைப் பிடிக்கும் ஸ்பிரிங் பார் என்ற கம்பிக்கான துளை இருக்கும். துளைக்கும் விளிம்புக்கும் நடுவே நான்கு லக்கிலும் உலோகம் ஒரே அளவா? துளையின் வாய் கூர்மையாக இருக்கிறதா? அளவுக்கு மீறிப் பாலிஷ் போட்ட கேஸ், தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும். கிரவுனின் (சாவி கொடுக்கும் திருகு) இருபக்கக் காப்பும் மெலிந்திருக்கும்.

டைம்கிராஃபர் (வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) படம் போட்டிருந்தால் நல்லதுதான். ஆனால் அதில் லிஃப்ட் ஆங்கிள் (ஒவ்வொரு மூவ்மென்ட்டுக்கும் கருவியில் வைக்க வேண்டிய கோணம்) எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உள்ளே இருக்கும் 3135 மூவ்மென்ட்டுக்கு (வாட்ச்சை ஓட்டும் இயந்திரம்) 52 டிகிரி. 55 வைத்தால் 250 டிகிரி ஆம்ப்ளிடியூட் (பேலன்ஸ் சக்கரம் ஆடும் அளவு) 264 போல, உண்மையைவிட நல்லதாகக் காட்டும். டயல் மேல்நோக்கிய நிலையில் மட்டும் எடுத்திருந்தால், கிரவுன் கீழே இருக்கும் நிலையிலும் ஒன்று கேளுங்கள்.

பெட்டி இருப்பது பெரிய விஷயமில்லை, அது தனியாகவே விலைக்குக் கிடைக்கும். வாரன்டி பேப்பரின் எண்ணும் கேஸின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கேஸ் எண் 6 மணிப் பக்கம் லக்குகளுக்கு நடுவே இருக்கிறது. பெரும்பாலான 16610-களில் பிரேஸ்லெட்டைக் கழற்றாமல் தெரியாது. கழற்றி, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய சீட்டோடு எடுத்த படம் வேண்டும். பொது விளம்பரத்தில் கடைசி இலக்கங்களை மறைப்பது வழக்கம்தான். தனியாகக் கேட்டும் மறைத்தால் அந்த விளம்பரத்தை விட்டுவிடலாம்.

எஸ்க்ரோ வசதி (பொருள் வந்துசேரும் வரை பணத்தைத் தளமே வைத்திருப்பது) என்றாலே தளம் வாட்ச்சைச் சோதித்துவிடும் என்று அர்த்தமில்லை. பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்து, ரிட்டர்ன் கெடுவுக்குள் வாட்ச் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கேஸ்பேக்கைத் திறப்பதற்கு விற்பவரின் சம்மதத்தை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ‘திறந்த வாட்ச்சைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்று கைவிரிப்பார்கள்.