2 டிபி என்று வந்த டப்பா

1,499 ரூபாய்க்கு 2 டிபி (அதாவது 2,000 ஜிபி) எஸ்எஸ்டி, லேப்டாப்பில் சொருகி ஃபைல் சேமிக்கும் டிஸ்க், என்று விளம்பரம் வந்தால் தொடாதீர்கள். நான் தொட்டேன்.

லேப்டாப் ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. சீக்கிரம் போய்விடும் என்று புரிந்தது. அந்த அவசரத்தில்தான் ஆர்டர் போட்டேன். வந்ததைச் சொருகினால் விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டியது. அசல் 2 டிபியும் அப்படித்தான் காட்டும், அதனால் சந்தேகமே வரவில்லை. 380 ஜிபி காப்பி ஆக ராத்திரி முழுக்க ஓடியது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். பழைய டிஸ்க், மெதுவாகத்தான் போகும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் நாலைந்து படங்களைத் திறந்தும் பார்த்தேன். எல்லாம் முதல் ஃபோல்டரில் இருந்தவை.

மூன்று வாரத்தில் ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டது. சரி, நம்மிடம்தான் காப்பி இருக்கிறதே என்று அப்பாவின் அறுபதாம் கல்யாண ஃபோல்டரைத் திறந்தேன். பெயர், தேதி, அளவு எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு படம்கூடத் திறக்கவில்லை.

ஸ்க்ரூடிரைவரால் ஓரத்தை நெம்பியதும் மூடி கையோடு வந்தது. உள்ளே நகம் அளவுக்கு ஒரு 64 ஜிபி மெமரி கார்டு. பக்கத்தில், கனம் தெரிவதற்காகப் பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு!

கார்டைக் கட்டுப்படுத்தும் சிப்பை (கன்ட்ரோலர்) 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருக்கிறார்கள். 64 ஜிபி வரை ஒழுங்காக எழுதும். அதற்கு மேல் வருவதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும். (சில போலிகள் பழையதன் மேலேயே எழுதுமாம்.) ஃபைல் பட்டியல் ஆரம்பத்திலேயே பதிந்துவிடுவதால் பார்வைக்கு எல்லாம் இருப்பது போலவே தெரியும்.

ஏழு நாளில் திருப்பலாம் என்று போட்டிருந்தார்கள். அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, விற்ற பக்கமும் காணோம். சைபர் மோசடி உதவி எண் 1930-இல் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் உதவிக்கு 1915.

புதிதாக எதை வாங்கினாலும் ஃபைல் போடும் முன் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஓட்டுங்கள். இரண்டும் டிஸ்கைச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள். டிஸ்க் முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். 2 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். நேரமில்லை என்றால் வாலிடிரைவ் என்ற மென்பொருள் 576 இடங்களை மட்டும் தொட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். காப்பி முடிந்ததும் கடைசி ஃபோல்டரிலிருந்து திறந்து பாருங்கள்.

அக்காவின் வாட்ஸ்அப்பில் நாற்பது படம் கிடைத்தது, எல்லாம் சுருங்கிய சைஸ். கல்யாணத்துக்கு வந்த ஸ்டுடியோக்காரரிடம் கேட்டிருக்கிறேன். "பழைய டிஸ்கைத் தேடிப் பார்க்கிறேன் சார்" என்றிருக்கிறார்.