இரண்டு முனை டிஜிட்டல் மேனோமீட்டர்: கருவி நல்லது, டியூப் மோசம்

வீடு முழுக்க டக்ட் போட்ட ஏசி. கடைசி அறைக்கு மட்டும் காற்று ஒழுங்காக வராது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "கேஸ் குறைஞ்சிருக்கும்" என்றார்களே தவிர, டக்ட்டில் அழுத்தம் எவ்வளவு என்று அளந்தவர் ஒருவருமில்லை. சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று காற்றின் அழுத்தத்தை அளக்கும் இந்த மேனோமீட்டரை வாங்கினேன்.

கைக்கு அடக்கமான கருவி. இரண்டு டியூப், டக்ட்டுக்குள் நுழைக்க, காந்தம் வைத்த வளைந்த புரோப் (குழல் முனை) இரண்டு. பாஸ்கலிலும் காட்டும், அங்குல நீர்மட்டத்திலும் (அந்த அழுத்தம் நீரை எத்தனை அங்குலம் உயர்த்தும் என்ற அளவு) காட்டும். 1 அங்குலம் சுமார் 249 பாஸ்கல். காற்றைத் தள்ளும் என் ஏசி யூனிட்டின் லேபிளில் அதிகபட்ச மொத்த அழுத்தம் 0.5 அங்குலம் என்று போட்டிருப்பதால் நானும் அங்குலத்திலேயே வைத்துக்கொண்டேன்.

ஃபில்டருக்கும் யூனிட்டுக்கும் நடுவில் ஒரு துளை, யூனிட்டைத் தாண்டி, அறைகளுக்குக் காற்று போகும் சப்ளை பக்கம் ஒரு துளை. (காற்றைக் குளிர்விக்கும் காயில் இருக்கும் இடத்தில் டிரில்லைக் கொண்டுபோகாதீர்கள்.) ரிட்டர்னில் (அறைகளிலிருந்து காற்று திரும்பி வரும் பக்கம்) மைனஸ் 0.52, சப்ளையில் பிளஸ் 0.26. மைனஸை விட்டுவிட்டுக் கூட்டினால் 0.78. ஃபில்டரைக் கழற்றியதும் ரிட்டர்ன் 0.24க்கு இறங்கிவிட்டது! அழுக்கு ஃபில்டர்கூட இல்லை. புத்தம் புது மெர்வ் 13 (மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்ற தர எண்), ஆனால் ஒரே அங்குலத் தடிமன். அதே மெர்வில் 4 அங்குலத் தடிமன் போட்டால் மடிப்பின் பரப்பு கூடும், காற்றுக்குத் தடை குறையும். அதற்கேற்ற பெட்டி வைத்து மாற்றியபின் மொத்தம் 0.58. இன்னும் வரம்புக்கு மேல்தான். கூரைக்கு மேலே தொய்ந்து கிடக்கும் ஃப்ளெக்ஸ் டக்ட்டை (வளையும் குழாய்) இழுத்துக் கட்ட வேண்டும். கடைசி அறைக்குப் போகும் கிளைதான் அதில் ரொம்ப மோசம்.

ஆளில்லாத அறைகளில் வென்ட்டை மூடினால் கரண்ட் மிச்சம் என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி உண்டு. புரோப்பை வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக மூடச் சொன்னேன். சப்ளை பக்க எண் ஏறிக்கொண்டே போனது, அதாவது காற்றுக்குத் தடைதான் கூடியது. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இனி குறைகள். டியூப் விறைப்பாக இருக்கிறது, முனையிலிருந்து நழுவுகிறது; மென்மையான சிலிகான் டியூப் தனியாக வாங்கி மாட்டினேன். கருவியைக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குக் கொண்டுபோனால் பூஜ்யம் நகர்ந்துவிடும், ஒவ்வொரு முறையும் டியூப்பைக் கழற்றி ஜீரோ செய்தாக வேண்டும். புரோப்பின் நுனி காற்று வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும் என்ற அடிப்படை விஷயத்தைக்கூடக் கையேட்டில் எழுதவில்லை. திருப்பி வைத்தால் அளவே மாறிவிடும்.

அப்புறம், இது அழுத்தத்தை மட்டும்தான் சொல்லும். அறைக்கு எவ்வளவு காற்று வருகிறது என்று தெரிய வேறு கருவி வேண்டும். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசிக்காரர்களுக்கு இது தேவையே இல்லை. டக்ட் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்த டியூப்புக்காக.